சுவட்டுக் கம்பியின் சாட்சி



பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் மலைவலம் வந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் எத்தகையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர்ச் சாலை முழுவதும் மனிதத் தலைகள். அந்தப் பெருக்கில் உங்கள் பாட்டனார் நடந்துகொண்டிருக்கிறார் என்றும், அவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார், எந்த இடத்தில் வழிதவறினார் என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். அவரை நடுவழியில் நிறுத்தி, "தாத்தா, எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்கலாம். ஆனால் அவர் நின்றால் பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்வார்கள். நின்ற அந்த நிமிடத்திலேயே அவருடைய பயணம் வேறொரு பயணமாகிவிடும். மற்றொரு வழியும் உண்டு. இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை வழியில் உள்ள எட்டு லிங்கங்களின் அருகிலும் ஒவ்வொருவரை உட்காரவைத்து, அவர் கடந்துபோன நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லலாம். பாட்டனார் ஒன்றும் அறியாமல் தம் போக்கில் நடப்பார். நமக்கோ அவர் சென்ற வழி முழுவதும் கிடைத்துவிடும்.

இவ்வூரில் மின்னணுவியல் கற்பிக்கும் நான் இன்று பேச வந்தது இந்த இரண்டாம் முறையைப் பற்றித்தான். பாட்டனாரின் இடத்தில் ஒரு சிறு செயலியை வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் எந்திரம், மின்கட்டணம் கணக்கிடும் மீட்டர், மோட்டார் வண்டியின் எரிபொருள் அமைப்பு, மருத்துவமனையில் நாடித்துடிப்பைக் காட்டும் கருவி ஆகியவற்றுக்குள் ஒளிந்திருந்து வேலை செய்யும் கணிப்பொறிகள் இவை. பொருளுக்குள்ளேயே பொதிந்து கிடப்பதால் இவற்றை உட்பொதி செயலிகள் என்கிறோம். இவற்றுக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. பிழை நேர்ந்தால் வாய் திறந்து சொல்லவும் வழியில்லை.

ஆகவே உள்ளே எட்டிப் பார்க்க ஒரு சாளரம் வேண்டியிருந்தது. 1985-ஆம் ஆண்டில் கூடிய ஒரு பொறியியலாளர் குழு அதற்கு வழி வகுத்தது. 1990-இல் அது ஐ.இ.இ.இ. 1149.1 என்னும் தரநிர்ணயமாயிற்று. குழுவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி 'ஜேடேக்' என்று அதனை அழைக்கிறார்கள். சில்லுகள் பலகையில் சரியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவே அது முதலில் பிறந்தது. பின்னர் அதே சில கம்பிகளின் வழியாகச் செயலியை நிறுத்தவும், உள்ளே இருக்கும் எண்களைப் படிக்கவும், மீண்டும் ஓடவிடவும் பழகிக்கொண்டோம். நூற்றுக்குத் தொண்ணூறு பிழைகளுக்கு இது போதும் என்பது என் அனுபவம்.

எஞ்சிய பத்துக்குத்தான் போதாது. ஓடும் மோட்டாரைக் காவல் காக்கும் செயலியை நடுவில் நிறுத்தினால் செயலி நிற்கும், மோட்டார் நிற்காது. நிறுத்திய நேரத்தில் வெளியுலகம் தன் வழியே போய்விடும். மீண்டும் ஓடவிடும்போது நாம் தேடிய சூழ்நிலை அங்கே இராது. பாட்டனாரைக் கூட்டத்தில் நிறுத்திய கதைதான்.

இங்கேதான் 'டிரேஸ்' என்னும் சுவடு உதவுகிறது. செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே, தான் எவ்வழியே செல்கிறது என்பதை ஒரு சிறு துணை அமைப்பு தனியான சில கால்களின் வழியே வெளியே ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். வினாடிக்குப் பல கோடி ஆணைகளை நிறைவேற்றும் செயலி ஒவ்வொன்றையும் சொல்லத் தொடங்கினால் எந்தக் கம்பியும் தாங்காது. ஆகவே ஒரு சிக்கனம் செய்திருக்கிறார்கள். நேர்ச் சாலையில் நடக்கும் மனிதனைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லையன்றோ? சாலை பிரியும் இடத்தில் 'திரும்பினான்', 'திரும்பவில்லை' என்ற ஒரு சொல் போதும். சுவடும் அவ்வாறே பிரிவுகளை மட்டும் குறிக்கிறது. மேசையில் உள்ள கணிப்பொறி நிரலின் முழுப் படியை வரைபடமாக வைத்துக்கொண்டு, அந்தச் சிறு குறிப்புகளிலிருந்து முழு வழியையும் மீண்டும் வரைந்துவிடும்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரே ஒரு குறிப்பு தவறிப் போனாலும், அதற்குப் பின் வரையும் வழி முழுவதும் பொய்யாகிவிடும். யம லிங்கத்தருகே உட்கார்ந்தவர் தூக்கக் கலக்கத்தில் 'திரும்பினார்' என்று எழுதிவிட்டால், நம்முடைய பாட்டனார் மலையைச் சுற்றாமல் செங்கத்துக்குப் போய்விட்டதாக நாம் வரைபடத்தில் கண்டு பதறுவோம். இடையிடையே 'இப்போது இன்ன இடத்தில் இருக்கிறேன்' என்ற முழு அறிவிப்பும் வரும். அது வரும்வரை பொய்தான்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் தந்தையாரின் கிணற்று மோட்டாருக்கு ஒரு காவல் பெட்டி செய்தார். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரை ஓட்டுவதும், கிணற்றில் நீர் வற்றினால் உடனே நிறுத்துவதும் அதன் வேலை. நீரின்றி ஓடும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் குறையும். அதைப் பத்து வினாடி தொடர்ந்து கண்டால் நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மோடம் வழியாகக் கைபேசிக்குச் செய்தியும் அனுப்பும். பெட்டி இரண்டு மாதம் நன்றாக வேலை செய்தது. ஒரு நாள் இரவு நிறுத்தத் தவறியது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மோட்டாரின் காயில் கருகிக் கிடந்தது. கடலை பூவெடுக்கும் பருவம். காயில் கட்டி வருவதற்குள் கால் ஏக்கர் வாடிப் போயிற்று. "இன்னொரு தரம் எரிஞ்சா பெட்டியைக் கழட்டி எறிஞ்சிடுவேன்" என்று தந்தையார் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று யார் சொல்ல முடியும்?

ஆய்வுக்கூடத்தில் பெட்டியை வைத்துப் பார்த்தபோது, செயலியை நிறுத்தினால் பிழை மறைந்தது. செயலி ஒவ்வொரு படியிலும் ஒரு வரி எழுதி அனுப்புமாறு நிரலில் சேர்த்தால் நேரக் கணக்கு மாறி, அப்போதும் பிழை மறைந்தது. ஆகவே சுவடு எடுப்பது என்று முடிவு செய்தோம். அது கார்டெக்ஸ்-எம்4 வகைச் செயலி. 168 மெகாஹெர்ட்ஸ் வேகம். சுவட்டுக்கென ஒரு கடிகாரக் கம்பியும் நான்கு செய்திக் கம்பிகளும் பலகையின் ஓரத்து ஊசிகளுக்கு வந்திருந்தன. மாணவர் ஒரு சாண் நீளமுள்ள ஐந்து கம்பிகளையும் ஒரு கிரவுண்டுக் கம்பியையும் செருகி, சுவடு வாங்கும் கருவியோடு இணைத்தார். திரையில் சுவடு வந்தது. எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

சுவடு சொன்ன செய்தி அச்சமூட்டுவதாக இருந்தது. மின்னோட்டத்தை அளக்கும் பகுதிக்குள் புகுந்த செயலி, பாதியிலேயே வெளியேறி, ஆணை எதுவும் இல்லாத முகவரிக்குத் தாவியதாக அது காட்டிற்று. "இதுதான் சார், இங்கேதான் கெட்டுப்போகுது" என்றார் மாணவர். நானும் தலையசைத்தேன். அவர் மூன்று நாள் இரவும் பகலும் உட்கார்ந்து அந்தப் பகுதியை முழுவதுமாக மாற்றி எழுதினார். மீண்டும் சுவடு எடுத்தோம். இப்போது வேறொரு பகுதி கெட்டுப்போவதாகக் காட்டிற்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அளக்கும் பகுதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினோமே, சாட்சி சொன்ன கம்பியை யாராவது விசாரித்தோமா? நிரலை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே சுழலில் நான்கு பிரிவுகளை மாறாமல் சுற்றிச் சுற்றி வரும் பத்து வரி நிரல் ஒன்றை ஏற்றச் சொன்னேன். அதன் சுவடு செக்கு மாட்டின் தடம் போல மாறாமல் இருக்க வேண்டும். வந்ததோ, கலைந்த சுவடு. இல்லாத முகவரிகளுக்கெல்லாம் செயலி தாவியதாகக் காட்டிற்று. பத்து வரியில் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. பொய் சொன்னது கம்பிதான்.

கம்பியை விசாரிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில், ஜேடேக் போன்ற அடிப்படை இணைப்பு நலமா என்று பாருங்கள். செயலியின் அடையாள எண்ணைப் படிக்க முடிகிறதா என்பதே போதிய சோதனை. அடுத்து, உங்கள் சில்லில் சுவடு அமைப்பு உண்மையில் இருக்கிறதா என்று கையேட்டில் தேடுங்கள். ஒரே பெயர்கொண்ட செயலிகளில் சிலவற்றில் அது இராது. இருந்தாலும் சிறிய உறையில் அடைத்த சில்லுகளில் அதற்கான கால்களை வெளியே விட்டிருக்க மாட்டார்கள். மூன்றாவது, கடிகாரக் கம்பியில் துடிப்பு வருகிறதா என்று ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். துடிப்பே இல்லையென்றால் அந்தக் கால்கள் சுவட்டு வேலைக்கு ஒதுக்கப்படவில்லை என்று பொருள். சில நேரங்களில் துடிப்பு முதலில் வந்து, பிறகு திடீரென்று நின்றுவிடும். நம்முடைய நிரலே விளக்கையோ திரையையோ தயார்செய்யும்போது அதே கால்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கும். மின்சாரத்தைச் சேமிக்கச் செயலி உறங்கப் போனாலும் துடிப்பு நிற்கலாம். அது பிழையன்று.

இவை எல்லாம் எங்களிடம் சரியாகவே இருந்தன. ஆகவே நான் மிகவும் நம்பும் ஒரு சோதனையைச் செய்தோம். செயலியின் வேகத்தை 168-லிருந்து 16 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தோம். வேகம் குறைந்தும் சுவடு கெட்டே வந்தால் குற்றம் இணைப்பின் அமைப்பில் இருக்கிறது. கம்பிகள் இடம் மாறியிருக்கலாம், இரு பக்கத்திலும் கம்பிகளின் எண்ணிக்கையை வேறுவேறாகக் குறித்திருக்கலாம். வேகம் குறைந்ததும் சுவடு தெளிந்தால் குற்றம் மின்சாரத்தின் இயல்பில் இருக்கிறது. இந்த ஒரு கேள்வி தேடும் காட்டைப் பாதியாக வெட்டிவிடும். எங்கள் சுவடு 16-இல் பளிங்கு போலத் தெளிந்தது.

வேகத்தில் என்ன நடக்கிறது? எங்கள் சில்லில் சுவட்டின் கடிகாரம் 84 மெகாஹெர்ட்ஸ். அதன் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒவ்வொரு செய்தி மாறும். ஆக, ஒரு செய்தி கம்பியில் நிற்கும் காலம் ஏறத்தாழ 6 நானோவினாடி. நானோவினாடி என்பது வினாடியை நூறு கோடியாக வகுத்ததில் ஒரு பங்கு. ஒரு சாண் கம்பியைக் கடக்கவே செய்திக்கு ஏறத்தாழ ஒரு நானோவினாடி செல்லும். கடைசி முனையில் மோதித் திரும்பும் எதிரலை மறுபடியும் ஒரு நானோவினாடி எடுத்துக்கொள்ளும். விளக்கை ஏற்றவும் அணைக்கவும் பயன்படும்போது வெறும் கம்பியாக இருந்தது, இந்த வேகத்தில் நீளமும் எதிரொலியும் உடைய ஒரு மண்டபமாகிவிடுகிறது.

முதலில் கண்ட குறை எளியது. சில்லின் கால்களுக்கு 'எவ்வளவு விரைவாக ஏறி இறங்கலாம்' என்று ஓர் அளவு நிரலில் குறிக்க வேண்டும். அதை மாணவர் மிகக் குறைந்த படியில் விட்டிருந்தார். செய்தி முழு உயரத்துக்கு ஏறுமுன்பே இறங்க வேண்டியிருந்தது. அதை உயர்த்தியதும் ஒரே செய்திக் கம்பியைக் கொண்டு எடுத்த சுவடு முழு வேகத்திலும் சரியாக வந்தது. இரண்டு கம்பிகளிலும் வந்தது. நான்காக ஆக்கியதும் மீண்டும் கலைந்தது.

ஆகவே மூன்றாவதோ நான்காவதோ குற்றவாளி. பெரிய செயலிகள் சிலவற்றில் இதைக் கண்டுபிடிக்கவே சோதனைக் கோலங்கள் உள்ளே வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கம்பியிலும் முறை வைத்து ஒன்று என்னும் குறி நடந்து செல்லும். எங்களுடையதில் அது இல்லை. நாங்களே எழுதினோம். மெதுவாக ஓடவிட்டால் எல்லாக் கம்பிகளும் தத்தம் முறையில் சரியாகப் பேசின. ஆகவே அறுந்ததும் இல்லை, இடம் மாறியதும் இல்லை. பிறகு நான்கு செய்திக் கம்பிகளையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, கடிகாரக் கம்பியை மட்டும் விரைவாகத் துடிக்கவிட்டோம். பேசாமல் இருக்கச் சொன்ன மூன்றாவது கம்பி பேசிற்று! கடிகாரம் துடிக்கும்போதெல்லாம் அதிலும் ஒரு சிறு மேடு எழுந்தது. ஐந்து கம்பிகளையும் அழகுக்காகச் சேர்த்து நூலால் கட்டியிருந்தார் மாணவர்; அந்தக் கட்டில் மூன்றாவது கம்பி கடிகாரக் கம்பியோடு முழு நீளமும் ஒட்டிக் கிடந்தது. திரும்பி வரும் மின்னோட்டத்துக்கோ ஓரத்தில் ஒரே ஒரு கிரவுண்டுக் கம்பி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆசிலாஸ்கோப்பும் ஒரு சாட்சிதான். அதுவும் பொய் சொல்லும். அதனுடைய முதலைப்பிடி போட்ட நீளமான கிரவுண்டு வாலைக் கொண்டு பார்த்தபோது எல்லாக் கம்பிகளிலும் அலையடிப்பதாகத் தெரிந்தது. வாலைக் கழற்றிவிட்டு, முனையருகிலேயே சிறிய சுருள்வில் கிரவுண்டைப் போட்டதும் மற்றக் கம்பிகள் அடங்கிவிட்டன. மூன்றாவது மட்டும் அடங்கவில்லை.

பரிகாரம் மலிவாகவே முடிந்தது. கம்பிகளை மூன்று விரற்கடைக்கு வெட்டினோம். ஒவ்வொரு செய்திக் கம்பிக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்டுக் கம்பி வைத்தோம். எதிரலையை அடக்கச் சில்லின் காலருகே 33 ஓம் மின்தடை ஒவ்வொன்றிலும் சேர்த்தோம். நான்கு கம்பியிலும் முழு வேகத்தில் செக்கு மாட்டின் தடம் வந்தது. அதை ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகே உண்மையான நிரலை ஏற்ற நான் இசைந்தேன்.

ஏற்றியதும் மீண்டும் குழப்பம்! ஆனால் இம்முறை கம்பி குற்றமற்றது. செயலியில் புதிய நிரல். மேசைக் கணிப்பொறியிலோ பழைய நிரலின் படி. ஊரின் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு புதிய சாலையில் நடப்பவரைத் தேடினோம். இந்தப் பிழையை நான் வருடத்துக்கு ஒரு முறையாவது செய்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மெய்யான சுவடு கிடைத்ததும் பிழையைக் காண ஒரு பகல் போதுமானதாயிற்று. மின்னோட்டம் அளக்கும் பகுதியில் ஒரு குறையும் இல்லை. மாணவர் மூன்று நாள் உழைத்து எறிந்தது நல்ல நிரல். குற்றம் மோடத்தைக் கவனிக்கும் பகுதியில் இருந்தது. அலைவரிசை மங்கும் நேரத்தில் மோடம் பாதிச் செய்தியைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அந்தப் பகுதி மீதியை எதிர்பார்த்துச் சில வினாடிகள் காத்திருக்கும். அதற்கு முன்னுரிமை அதிகமாகக் கொடுத்திருந்ததால் அவ்வளவு நேரமும் அளக்கும் பகுதிக்கு முறை வராது. ஒரு வினாடி தவறினால் பத்து வினாடிக் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அலைவரிசை விட்டுவிட்டு வந்த அந்த இரவில் கணக்கு பத்தை எட்டவே இல்லை.

இத்தகைய முன்னுரிமைச் சிக்கல் நம் கிணற்றடிக்கு மட்டும் உரியதன்று. 1997-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் செவ்வாய்க் கோளில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணிப்பொறி, சில நாளில் தன்னைத்தானே மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் யார் போய் நிறுத்திப் பார்ப்பது? கலிபோர்னியாவில் இருந்த பொறியியலாளர்கள் அதே போன்ற ஒரு கருவியைத் தரையில் ஓடவிட்டு, நிரலிலேயே அமைந்திருந்த சுவட்டுப் பதிவைக் கொண்டு, தாழ்ந்த முன்னுரிமையுள்ள வானிலைப் பணி ஒன்று உயர்ந்த பணியைக் காக்கவைத்ததைக் கண்டார்கள். திருத்தத்தை இங்கிருந்தே அனுப்பினார்கள்.

நம் நாட்டிலும் இப்போது செயலிகளை நாமே வரையத் தொடங்கிவிட்டோம். சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' திட்டத்தில் பிறந்த செயலிகள் 2018-இல் சில்லாக வடிந்தன. அவற்றில் ஒன்று சண்டிகரில் உள்ள அரசின் குறைக்கடத்திக் கூடத்தில் உருவானது. 2025-இல் இஸ்ரோவுடன் சேர்ந்து ஐரிஸ் என்னும் சில்லையும் அவர்கள் இயக்கிக் காட்டினார்கள். இவையெல்லாம் ரிஸ்க்-ஃபைவ் என்னும் பொது ஆணைத்தொகுதியைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்துச் செயலிகள் தம் சுவட்டை எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதற்கு 2022-இல் ஒரு பொதுத்தரமும் ஏற்பட்டிருக்கிறது. உங்களில் சிலர் நாளை அப்படிப்பட்ட சில்லை வரையப் போகிறவர்கள். வரையும்போது, சுவட்டுக் கால்களுக்கு அருகே கிரவுண்டுக் கால்களையும் தாராளமாக விட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர் பழைய அளக்கும் பகுதியைத் தம் சேமிப்பிலிருந்து தேடி எடுத்து மீண்டும் சேர்த்தார். மோடத்தைக் காத்திருக்கவிடாமல் மாற்றினார். பெட்டி கிணற்றடிக்குத் திரும்பிற்று. நூலால் கட்டிய அந்த ஒரு சாண் கம்பிகளை நான் எறியவில்லை. ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு முதல் நாளில் அவற்றையே கொடுத்து, பத்து வரி நிரலை ஏற்றிச் சுவடு எடுக்கச் சொல்கிறேன். பெரும்பாலோர் நிரலைத் திருத்தப் புறப்படுவார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி மட்டும் கருவியைத் தொடுமுன்பே கட்டை அவிழ்த்து, கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் பரப்பினாள்.